ஆணி அடிக்காத சுவர்கள்

எங்கள் ஊர் காரிக்மாய்லில் ஒருவர் செத்துப்போனால் முதலில் வருவது பாதிரியார். அடுத்து வருவது என் சித்தப்பா மகன் ஃபின்டன். அவன் கவுன்சிலர். கறுப்புக் கோட்டைக் காரின் பின் சீட்டிலேயே மடித்து வைத்திருப்பான். இந்தப் பக்கத்துத் துக்க வீடு எதிலும் அவன் கை கொடுக்காமல் போனதாகச் சரித்திரம் இல்லை. எங்கள் மாவட்டத்தில் ஓட்டு வாங்குவது அப்படித்தான். கூட்டம் போட்டுக் கூப்பிட்டால் நாலு பேர் வருவார்கள், சாவு வீட்டுக்கு ஊரே வரும்.

அந்த ஃபின்டன்தான் எங்கள் வீடுகளைக் கைகழுவிவிடலாம் என்று கவுன்சிலில் பேசிக்கொண்டிருந்தான்.

ஹேசல் வரிசை என்று எங்கள் தெருவுக்குப் பெயர். ஒட்டி ஒட்டி எட்டு வீடுகள். கட்டியவர் பாதியில் திவாலாகி ஓடிவிட்டார். டப்ளினில் யாரோ ஒருவர் அவற்றை வங்கியிடமிருந்து மலிவாக வாங்கிப்போட்டார். கவுன்சில் அவரிடம் பத்து வருடக் குத்தகைக்கு எடுத்து, சொந்த வீட்டுக்கு வழியில்லாத எங்களைக் குடி வைத்தது. நாங்கள் கவுன்சிலுக்கு வாடகை கொடுப்போம், கவுன்சில் அவருக்குக் குத்தகை கொடுக்கும். பத்து வருடம் என்றபோது அது என்னவோ ஒரு ஆயுசு மாதிரி இருந்தது. கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டது.

அக்டோபரோடு குத்தகை முடிகிறது. டப்ளின்காரர் காலி வீடாகக் கேட்கிறார். கவுன்சிலுக்கு இரண்டு வழி. எட்டு வீடுகளையும் விலை கொடுத்து வாங்கி எங்களை இருக்க விடலாம். இல்லையென்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தில் பஸ்ஸில் ஒரு மணி நேரம் தள்ளியிருக்கும் பெரிய டவுனில் நாற்பது ஃபிளாட்டுகளைக் குத்தகைக்கு எடுத்து, அதில் எங்களையும் ஆளுக்கொரு மூலையில் போடலாம். வாக்கெடுப்பு வருகிற திங்கட்கிழமை.

ஃபின்டன் என் சமையலறையில் உட்கார்ந்து, என் பிஸ்கட்டை என் டீயில் தோய்த்துத் தின்றுகொண்டேதான் இதைச் சொன்னான்.

"அக்கா, கோவப்படாம கேளு. உங்க எட்டு வீட்டை வாங்குனா, ஏற்கனவே வீடு இருக்கிறவங்களுக்கே மறுபடி வீடு குடுத்த மாதிரி. அதே காசுல நாப்பது குடும்பத்தை உக்கார வைக்கலாம். நம்ம ஊரு ஷோனா வீடில்லாம, கவுன்சில் போட்ட ஹோட்டல் ரூம்ல ரெண்டு பிள்ளைங்களோட கிடக்கா, ரெண்டு வருஷமா. நீ இங்க சௌக்கியமா இருக்கணும்னு அவ அங்கேயே கிடக்கணுமா?"

பதில் தெரியாதபோதுதான் எனக்குக் கோபம் அதிகமாக வரும். டீயைக் குடித்தாயிற்றென்றால் கிளம்பு என்றேன். நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். இவனை ஆறு வயதில் அதே பஸ்ஸில் மூக்கொழுகக் கூட்டிப்போனவள். இவன் எனக்குக் கணக்குச் சொல்ல வந்துவிட்டான்.

நான் இருப்பது மூன்றாம் வீடு. நான்காம் வீட்டில் மலாக்கியும் அவர் மனைவி அட்ராக்டாவும். மலாக்கி முப்பது வருடத்துக்கு மேல் பால் லாரி ஓட்டியவர். மாவட்டத்தில் அவர் லாரி நுழையாத பண்ணை கிடையாது. நுரையீரல் போய், அந்தக் கோடை முழுக்க முன்னறையில் கட்டிலில்தான் கிடந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். தன்னைத் தன் முன்னறையில்தான் கிடத்த வேண்டும், தன் வாசல் வழியாகத்தான் தூக்கிப்போக வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

"லீஸ் முடியுறதுக்குள்ள நான் கிளம்பிடணும் ஃபில்," என்பார் என்னிடம். என் முழுப் பெயர் பிலோமினா. "இல்லன்னா அந்த ஃபிளாட்டு லிஃப்ட்டுல என்னை நட்டுக்க நிறுத்தி வெச்சு இறக்குவாங்க. செத்தப்புறமும் நின்னுக்கிட்டே போகணுமா?"

சொன்னபடியே செய்தார். வாக்கெடுப்புக்கு முந்தின வியாழக்கிழமை காலையில், அட்ராக்டா கஞ்சி எடுத்து வருவதற்குள் போய்விட்டார். எங்கள் வழக்கப்படி ஜன்னலைத் திறந்துவிட்டோம், கடிகாரத்தை நிறுத்தினோம். அட்ராக்டா அழவில்லை. "அவருக்கு அவரோட வாசல் கிடைச்சிருச்சு. எனக்குத்தான் தெரியல," என்றாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. டவுனுக்குப் போனால் கல்லறைக்குக்கூட பஸ் பிடித்துத்தான் வர வேண்டும்.

வெள்ளிக்கிழமை சவப்பெட்டியைத் திறந்து முன்னறையில் வைத்தோம். அவர்கள் வீட்டில் ஒரு திரு இருதயப் படம் உண்டு, அடியில் சின்னச் சிவப்பு விளக்கோடு. அட்ராக்டாவின் கல்யாணத்துக்கு வந்தது. பத்து வருடமாக அது ஃபிரிட்ஜின் மேல்தான் சாய்ந்திருந்தது. கதவை வேகமாகச் சாத்தினால் குப்புற விழும். வீட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது சுவர் கொடுத்தபடியே இருக்க வேண்டும், ஆணி அடிக்கக் கூடாது என்பது குத்தகை விதி. ஏஜென்ட் வருடத்துக்கு ஒருமுறை வந்து, மாடு வாங்குகிறவன் மாட்டைத் தடவுவது போலச் சுவரைத் தடவிப் பார்ப்பான். எட்டு வீட்டிலும் ஒரு படம்கூட மாட்டியதில்லை. அன்றைக்கு அந்தப் படத்தை ஒரு நாற்காலியில் வைத்து, மலாக்கியின் தலைமாட்டில் சாய்த்தோம்.

மதியத்துக்குள் யாரும் யாரையும் கேட்காமலே எட்டு வீடும் ஒரே வீடாகிவிட்டது. என் வீட்டில் டீ. ஐந்தாம் வீட்டில் சாண்ட்விச். இரண்டாம் வீட்டுக் கட்டில் முழுக்க நனைந்த கோட்டுகள். நடக்க முடியாதவர்கள் ஆறாம் வீட்டில் கணப்புக்குப் பக்கத்தில். எட்டாம் வீடு காலி. அங்கே இருந்த கிழவர் போன வருடமே போய்விட்டார். குத்தகை முடியப்போகிறதே என்று கவுன்சில் வேறு யாரையும் வைக்கவில்லை. காற்றாட விடுவதற்காகச் சாவி என்னிடம் இருந்தது. அதையும் திறந்து பிள்ளைகளை உள்ளே விட்டோம். எல்லா வாசலும் திறந்து கிடந்தது.

நாலு மணிக்கு ஜனம் வர ஆரம்பித்தது. நான் வெளியே வந்து பார்த்தேன். வரிசை எங்கள் தெருவைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, கோயில் மதில் வரைக்கும் போயிருந்தது. மழை வேறு. ஒருவரும் நகரவில்லை. நான் பிறந்தது முதல் பார்க்கிற ஊர், ஒவ்வொரு முகமும் தெரிந்த முகம். ஆனாலும் இத்தனை முகம் இத்தனை அமைதியாக நிற்பதைப் பார்த்ததில்லை.

உள்ளே வந்தவர்கள் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. அட்ராக்டாவின் கையைப் பிடித்து, உன் கஷ்டத்துக்கு வருத்தமாயிருக்கிறது என்று எல்லோரும் சொல்கிற அதே வார்த்தையைச் சொன்னார்கள். பிறகு போகிற போக்கில் ஏதாவது ஒன்று. பனி கொட்டின வருடம் என் பிரசவத்துக்கு நர்ஸைப் பால் லாரியில்தானே ஏற்றி வந்தார் என்றாள் ஒருத்தி. அந்தப் பிரசவத்தில் பிறந்த ஆள் அவளுக்குப் பின்னால் தாடியோடு நின்றான். அட்ராக்டாவுக்கே தெரியாத கதைகள் ஒவ்வொன்றாக வந்தன. முப்பது வருடத்தில் அந்த மனிதர் எத்தனை வாசலில் என்னென்ன இறக்கி வைத்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஃபின்டனும் வந்தான், கறுப்புக் கோட்டோடு. நாற்காலி பற்றவில்லை, தூக்க வா என்று எட்டாம் வீட்டுக்கு இழுத்துப்போனேன். அங்கே படிக்கட்டின் அடியில் ஷோனா நின்றிருந்தாள். காலையிலிருந்து ஐந்தாம் வீட்டில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள், பிள்ளைகளைப் பார்க்க வந்திருந்தாள். அவளுடைய இரண்டு பெண்களும் படியில் ஏறுவதும் இறங்குவதுமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள்ளேயே படிக்கட்டு இருப்பதை அவர்கள் இப்போதுதான் பார்க்கிறார்கள்.

ஃபின்டன் அவளிடம் மனம் குளிரப் பேசினான். திங்கட்கிழமை நல்ல சேதி வரும், ஃபிளாட் நிச்சயம் என்றான்.

"எத்தனை வருஷத்துக்கு சார்?" என்றாள் ஷோனா.

"பத்து வருஷம்."

"பெரியவளுக்கு இப்ப ஆறு. பதினாறு வயசுப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு மறுபடி ஹோட்டல் ரூமுக்குப் போகணுமா?"

"அதையெல்லாம் அப்ப பாத்துக்கலாம்மா."

"அட்ராக்டா அம்மாகிட்டயும் இதத்தானே சொல்லியிருப்பீங்க, சாவி குடுத்தப்ப?"

சாவி கொடுத்ததும் இவனேதான். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, பேப்பரில் போட்டோ வந்தது. ஃபின்டன் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு, பேச்சை வேறு பக்கம் திருப்பினான். இந்த எட்டு வீட்டை வாங்கினால் இந்தக் காலி வீடு உனக்குத்தான் கிடைக்கும் என்று நினைக்காதே, வரிசையில் உனக்கு முன்னால் பதினோரு குடும்பம் இருக்கிறது என்றான்.

"தெரியும் சார். எனக்கு வராது. யாருக்கு வந்தாலும், வந்தவங்க திரும்பப் போக வேண்டாம்ல."

அதைச் சொல்லிவிட்டு அவள் வெண்ணெய் தடவப் போய்விட்டாள். நான் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரே அறையில் இரண்டு வருடம் இரண்டு பிள்ளைகளோடு படுத்து எழுந்திருக்கிறவள் வாயிலிருந்து இது வருகிறது. எனக்கு அவ்வளவு பெரிய மனது கிடையாது. ஃபின்டன் ஒரு நாற்காலியைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தான்.

சனிக்கிழமை காலை அடக்கம். பெட்டியைத் தூக்க ஒரே உயரத்தில் ஆறு பேர் வேண்டும், இல்லையென்றால் சாயும். மலாக்கி நெட்டை, அவர் வீட்டு ஆண்களும் நெட்டை. ஐந்து பேர் தயார். ஆறாவது ஆள் பர்மிங்ஹாமில் இருக்கிற அண்ணன் மகன் ஜார்லத். சின்னப் பையனாக ஊரைவிட்டுப் போனவன், இப்போது முகம் யாருக்கும் தெரியாது. காலையில் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான்.

ஒன்பது மணிக்கு நல்ல உயரமாக, சாம்பல் கோட்டும் தோல் பையுமாக ஒருவர் வாசலில் வந்து நின்றார். நான்தான் பார்த்தேன். வா ஜார்லத் என்று பையைப் பிடுங்கி மூலையில் வைத்தேன். அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். துக்க வீட்டில் யார் எதைக் காதில் வாங்குகிறார்கள்? நீங்கள் யார் என்று வாசலில் நிறுத்திக் கேட்கிற வழக்கமும் எங்களுக்குக் கிடையாது. பின்னாலிருந்து வரிசை தள்ளியது. அவர் அட்ராக்டா முன்னால் போய் நின்றார், அவள் கையை நீட்டினாள், அவரும் அந்த வார்த்தையைச் சொன்னார். ஒரு கையில் டீயைக் கொடுத்தேன், இன்னொரு கையில் ஹாம் சாண்ட்விச். பெட்டியைத் தனியாக விடக் கூடாது, அஞ்சு நிமிஷம் பக்கத்தில் உட்கார், நான் பாத்திரம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நாற்காலியில் அமர்த்திவிட்டுப் போனேன். போனவள் சுத்தமாக மறந்துவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் மனிதர் அப்படியே இருந்தார். தலைமாட்டுப் படம் நாற்காலியிலிருந்து வழுக்கிக்கொண்டே இருந்ததால் அதைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார். வந்தவர்களெல்லாம் அவருக்கும் கை கொடுத்து, அவரிடமும் மலாக்கி கதை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். கண் சிவந்திருந்தது.

"இதை ஏன் சுவத்துல மாட்டல?" என்று அட்ராக்டாவிடம் கேட்டார்.

"வீட்டுக்காரர் ஆணி அடிக்க விட மாட்டார்ப்பா."

"பத்து வருஷமாவா?"

"அவரு வீடு. அவரு சொன்னா சரிதானே."

அவர் முகம் காதுவரைக்கும் சிவந்தது. பிறகு என்னிடம் சுத்தியலும் ஆணியும் இருக்குமா என்றார். பர்மிங்ஹாமில் துக்கத்துக்கு ஆணி அடிப்பார்களோ என்னவோ என்று நினைத்து எடுத்துக் கொடுத்தேன். பிணம் கிடக்கிற அறையில், அத்தனை பேர் முன்னால், அவர் ஆணியைச் சுவரில் வைத்து ஓங்கி அடித்தார். சுண்ணாம்பு உதிர்ந்து பெட்டியின் விளிம்பில் விழுந்தது. "பைத்தியமா உனக்கு? ஏஜென்ட் வந்தா யார் பதில் சொல்றது?" என்று நான் கத்தினேன். அவர் படத்தை மாட்டி விளக்கைப் போட்டார். மலாக்கியின் நெற்றியில் சிவப்பு வெளிச்சம் விழுந்தது.

அட்ராக்டா எழுந்து பெட்டிக்குப் பக்கத்தில் வந்தாள். "பாருங்க," என்றாள் மலாக்கியிடம். "மாட்டியாச்சு." அப்போதுதான் அவள் அழுதாள்.

பெட்டியை மூடினார்கள். ஆறாவது ஆளாக அவரைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். அவர் பக்கத்து ஆளின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, தலையைப் பெட்டியோடு சாய்த்துக்கொண்டு தூக்கினார். வாசல் குறுகல். அந்த நிலைப்படியைத் தாண்ட அவர்கள் ஆறு பேரும் ஒரே மூச்சாக மூச்சுவிட வேண்டியிருந்தது.

வெளியே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அந்தந்த வீட்டார் நின்றோம். சாலையின் இரண்டு பக்கமும் ஊர். கடைகளெல்லாம் பாதிக் கதவை இறக்கியிருந்தன. ஓரிடத்தில் மலாக்கியின் பழைய பால் லாரியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள், யார் கொண்டுவந்தது என்று இன்றைக்கும் தெரியாது. காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. சாதாரண எட்டு வீடு, சாதாரணத் தெரு, சாதாரணமாகப் பால் லாரி ஓட்டிய ஒரு மனிதர். ராஜாவுக்குக்கூட இப்படி நடக்குமா என்று எனக்குத் தோன்றியது. அதற்குள் நானும் ஓர் ஆளாக நிற்கிறேன் என்பதே பெருமையாக இருந்தது.

அடக்கம் முடிந்து எல்லோரும் சாப்பிட ஹோட்டலுக்குப் போனோம், ஷோனா இருக்கிற அதே ஹோட்டல்தான். எங்கள் ஊரில் ஒன்றுதான் உண்டு. சூப் வைக்கும்போது அட்ராக்டாவின் போன் அடித்தது. பேசிவிட்டுக் குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள். ஜார்லத்தாம். மூடுபனியில் விமானம் கிளம்பவில்லையாம், இன்னும் பர்மிங்ஹாமில்தான் இருக்கிறானாம்.

மேஜையில் எல்லோரும் எதிரே இருந்த மனிதரைப் பார்த்தோம். ஃபின்டனும் கரண்டியை இறக்கினான்.

"அப்ப நீங்க யாரு?" என்றேன்.

அவர் அட்ராக்டாவைப் பார்த்துத்தான் சொன்னார். "என் பேரு அல்டன் டிவேன். டப்ளின்ல இருந்து வர்றேன். அந்த வீட்டுல ஆணி அடிக்கக் கூடாதுன்னு சொன்னவன் நான்தான்."

வீடு என்ன நிலையில் கைக்குத் திரும்பும் என்று பார்க்க வந்தாராம். சனிக்கிழமை வருகிறேன் என்று முன்பே சொல்லியும் இருந்தாராம், சாவு நடந்த வீட்டில் யாருக்கு அது நினைவிருக்கும்? எனக்கு வந்த ஆத்திரத்தில் சூப்பை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். அட்ராக்டா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தோள் வலிக்குதா?" என்று அவரிடம் கேட்டாள்.

"வலிக்குது."

"அவரு கனத்த ஆளு. சூப் ஆறுது, குடிங்க."

மனிதர் குனிந்து குடித்தார். கிளம்பும்போது என்னையும் ஃபின்டனையும் வாசலில் நிறுத்தினார். தூக்கிக்கொண்டு நடக்கும்போது, நான் செத்தால் தூக்க ஆறு பேர் யார் என்று எண்ணிப் பார்த்தேன், நாலு பேருக்கு மேல் தேறவில்லை என்றார். காலி வீடாக வாங்க ஒருவர் தயாராக இருக்கிறார், ஆனால் கவுன்சில் கேட்டால் குடியிருக்கிற ஆட்களோடு கவுன்சிலுக்கே கொடுப்பேன். மதிப்பு போடுகிறவர் சொல்கிற விலை, அதில் ஒரு சென்ட்டும் குறைக்கமாட்டேன் என்றார். குறைத்திருக்கலாம். இருந்தாலும் அந்த நேர்மையை நான் மதித்தேன்.

திங்கட்கிழமை கவுன்சில் மண்டபத்தில் பார்வையாளர் பெஞ்சில் நானும் அட்ராக்டாவும் ஷோனாவும் உட்கார்ந்திருந்தோம். ஃபின்டன் எழுந்தான். குத்தகைக்கு எடுத்தால் நிறையப் பேருக்குச் சீக்கிரமாகக் கூரை கிடைக்கும், அது உண்மை, அதை இப்போதும் சொல்வேன் என்று ஆரம்பித்தான்.

"ஆனா ஒரு பொண்ணு எங்கிட்ட ஒரு கேள்வி கேட்டா," என்றான். "பத்து வருஷம் கழிச்சு நான் எங்க போறதுன்னு. மூணு நாளா யோசிக்கிறேன், எனக்குப் பதில் தெரியல. இங்க யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க, உடனே குத்தகைக்குக் கை தூக்குறேன்."

ஒருவர் இருமினார். அப்புறம் அவன் கட்சிக்காரர்களே அவனைக் கண்டபடி திட்டினார்கள். ஓட்டு எடுத்தபோது, ஒரே ஓட்டு வித்தியாசத்தில், எட்டு வீடுகளையும் வாங்குவதென்று முடிவானது. அட்ராக்டா என் முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தாள், அந்தப் பிடியின் வலி மறுநாள் வரைக்கும் இருந்தது. ஷோனா எல்லோரையும்விட முதலில் எழுந்து கை தட்டினாள். நாற்பது ஃபிளாட்டில் ஒன்று அவளுடையதாக இருந்திருக்கும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

சாயங்காலம் நான் சமையல் வேலையாக இருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் டொக் டொக் என்று சத்தம் வந்தது. அப்புறம் இரண்டாம் வீட்டில். அப்புறம் ஆறாம் வீட்டில். வாசலுக்கு வந்தேன். தெரு முழுக்கச் சுத்தியல் சத்தம். கல்யாணப் படம், பிள்ளைகள் படம், ஃபுட்பால் படம், பத்து வருடமாக அலமாரியிலும் கட்டிலுக்கு அடியிலும் கிடந்தவையெல்லாம் சுவரேறிக்கொண்டிருந்தன. கோயில் மணிக்குக்கூட நான் அப்படி நின்று கேட்டதில்லை.

அட்ராக்டா சுத்தியலோடு என் வாசலுக்கு வந்தாள். எட்டாம் வீட்டுச் சாவியைக் கேட்டாள்.

உள்ளே வெறும் அறை. பேசினால் எதிரொலித்தது. அவள் முன்னறைச் சுவரைக் கையால் தடவி ஓர் இடம் பார்த்து, ஆணியை வைத்து அடித்தாள். முதல் அடி தவறிச் சுவரில் ஒரு பள்ளம் விழுந்தது. அதை அவள் பொருட்படுத்தவில்லை.

"யார் வரப்போறாங்கன்னு தெரியாதே அட்ராக்டா," என்றேன்.

"யார் வந்தா என்ன. மாட்டுறதுக்கு ஒண்ணு வெச்சிருப்பாங்க."

ஆணி நன்றாக இறங்கியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். கதவைப் பூட்டிக்கொண்டு வந்தோம்.